வடசென்னை டு பெங்களூரு: கிராஃப்ட் பீர் ட்ரிப்... ஆனா கார் சாவி யார் கையில?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து கேங்கா நீங்க? 'இந்த வீக் எண்ட் ரெண்டு மூணு கிராஃப்ட் பீர் ஸ்பாட் போயிட்டு வரலாம் மச்சி'னு வாட்ஸ்அப் குரூப்ல பேச்சு ஓடுதா? முதல்ல ஒண்ணு, தமிழ்நாட்டுக்குள்ள தேடாதீங்க. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில. அங்கேயே காய்ச்சி, அங்கேயே கிளாஸ்ல ஊத்தித் தர்ற மைக்ரோபிரூவரி இங்க கிடையாது. எல்லை தாண்டித்தான் ஆகணும்.

கிட்டக்க இருக்கிறது புதுச்சேரி. அங்க கேட்டமரான் பிரூயிங் இருக்கு. ஆனா ஒரே ட்ரிப்ல நாலஞ்சு வகை இடம் பார்க்கணும்னா பெங்களூருதான். இந்திராநகர்ல 2010-ல தொடங்கின டாய்ட், ஒயிட்ஃபீல்டுல விண்ட்மில்ஸ், பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் கைஸ்ட். எங்க போனாலும் எடுத்ததும் முழு கிளாஸ் ஆர்டர் பண்ணாம, சின்னச் சின்ன கிளாஸ்ல வர்ற சாம்பிளரைக் கேளுங்க. வீட் பீர்ல லேசா வாழைப்பழ வாசனை வரும், ஸ்டவுட்ல காபி வாசனை, ஐ.பி.ஏ நல்லாவே கசக்கும். பாட்டில் பீர் மாதிரி இதைப் பெரும்பாலும் பாஸ்ச்சரைஸ் பண்றதில்ல. சூடு பட்டா சீக்கிரம் கெட்டுடும். அதான் பீர் நம்மளைத் தேடி வராம, நாம அதைத் தேடிப் போக வேண்டியிருக்கு.

ரூட்? எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி நிக்கிறது நமக்குப் புதுசு இல்ல. எண்ணூர்க்காரங்க மீஞ்சூர் போய் அவுட்டர் ரிங் ரோடு பிடிச்சா, சிட்டிக்குள்ள நுழையாமலே நசரத்பேட்டையில பெங்களூரு ஹைவேயில ஏறிடலாம். அங்கிருந்து வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர். மொத்தம் 350 கி.மீ-க்குக் கொஞ்சம் மேல.

இப்போ மெயின் மேட்டர். யார் ஓட்டுறது? ரத்தத்துல 100 மி.லி-க்கு 30 மி.கி ஆல்கஹாலைத் தாண்டினா கேஸ். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும். 'நைட் குடிச்சது, காலையில தெளிஞ்சிடும்'ங்கிற கணக்குதான் ரொம்ப டேஞ்சர். 5 சதவிகித பீர் அரை லிட்டர்ல சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கு. உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் வெளியேத்தும். நாலு கிளாஸ் அடிச்சா, எல்லாம் இறங்க 8 மணி நேரத்துக்கு மேல ஆகும். பிளாக் காபி, குளியல் எதுவும் இதை வேகப்படுத்தாது. அதனால ரூமுக்குப் போனதும் காரை நிறுத்திடுங்க, ஊருக்குள்ள மெட்ரோ. பர்ப்பிள் லைன் இந்திராநகர், ஒயிட்ஃபீல்டு ரெண்டையும் தொடுது. ஞாயிறு மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்புங்க. ஓட்டுறவருக்கு சனிக்கிழமை ராத்திரியும் சோடாதான். அவர் பில்லை மத்தவங்க ஷேர் பண்ணிக்கிறதுதான் நியாயம்!

என்னைக் கேட்டா, கார் கதையே வேணாம். சென்ட்ரல்ல வந்தே பாரத் ஏறினா சுமார் நாலரை மணி நேரம். 1856-ல நம்ம ராயபுரத்துல கிளம்பின தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் போய்ச் சேர்ந்த வாலாஜா ரோடு, இந்தப் பாதையிலதான் வருது.

திரும்பும்போது 'வீட்டுக்கு ஒரு பாட்டில்' ஆசை வேணாம், செக்போஸ்ட்ல மாட்டினா மதுவிலக்குச் சட்டத்துல கேஸ். வயசு 21 ஆகலைன்னா இந்தப் பிளானே வேணாம். ஆனவங்க ஒரிஜினல் ஐ.டி எடுத்துக்கோங்க, வாசல்ல கேட்பாங்க.