சதுரங்கக் களத்தில் வல்லவர் புகுதல்

நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருப்பெயர். சதுரங்கத்தில் தன்னை வெல்வாரின்றி இருந்த அரசகுமாரியை, இறைவன் முதியவர் வடிவில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலவரலாறு. எவ்வூரார், எத்துணை வல்லவர் என்றெல்லாம் விசாரித்து அம்முதியவரை வாயிலில் நிறுத்தினார் இல்லை. நகரப் போட்டிகளிலோ அவ்விசாரணை எழவே செய்கிறது. பேர்பெற்ற ஆட்டக்காரர் நால்வர் பெயர் கொடுத்துவிட்டால், "பரிசெல்லாம் அவர்களுக்கே, நம் பிள்ளைகள் எதற்காக ஆடுவது?" என்று பெற்றோர் மனம் நோகின்றனர். இது புறக்கணிக்கத் தக்க கேள்வியன்று. முன்னர் நிகழ்ந்தன சிலவற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மராட்டியர் இவ்வாட்டத்தைப் 'புத்திபள்' என்பர். பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் இந்நகரில் ஆட்சி செலுத்திய காலத்தில், திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பார் வடமொழிச் சதுரங்க நூலொன்றை ஐரோப்பிய முறைக்கு ஏற்ப ஆங்கிலத்தில் பெயர்த்து, 1814-இல் பம்பாயில் அச்சேற்றினார். அவர் தென்னாட்டார் என்பதற்குப் பெயரே சான்று. புதிய முறையை அஞ்சி ஒதுக்காமல் அதற்கே நூல் செய்த துணிவைப் பாராட்டுகிறோம்.

ஏனெனில் இரு முறைகளுக்கும் வேற்றுமை மிகுதி. நம் பழைய ஆட்டத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். இன்றைய கோட்டை கட்டுதல் அதில் இல்லை. அம்முறையில் பயின்ற பஞ்சாபியர் மீர் சுல்தான் கான், 1928-இல் அகில இந்தியப் போட்டியில் வென்றார். மறு ஆண்டே தம் எசமானரான சர் உமர் ஹயாத் கானுடன் இங்கிலாந்து சென்று பிரித்தானியப் பட்டத்தைக் கைப்பற்றினார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே கிடைத்தது. அதே வீட்டில் பணி செய்த பாத்திமா என்னும் பெண், 1933-இல் பிரித்தானிய மகளிர் பட்டம் வென்றார். பணியாளர் ஆயிற்றே என்று களத்தை அடைத்திருந்தால் இவ்வரலாறு ஏது? எனினும், இறந்தபின் 2024-இல்தான் சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கப்பட்டது என்பது நெஞ்சை உறுத்துகிறது.

நம் நாட்டிலேயே களத்தை அடைக்க முற்பட்ட கதையும் உண்டு. பம்பாயின் காடில்கர் சகோதரியர் ஜெயஸ்ரீ, வாசந்தி, ரோகிணி மூவரும் சதுரங்க வல்லுநர்கள். 1974-இல் நடந்த முதல் தேசிய மகளிர் போட்டியில் வாசந்தி வென்றார். 1976-இல் பதின்மூன்றே வயதான ரோகிணி, ஆடவர்க்குரிய தேசியப் போட்டியில் ஆடப் புகுந்தார். உடனே பெருங்கூச்சல் எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, தீர்ப்பு அவர்பால் நின்றது. உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் தலைவரும் முன்னாள் உலக வெற்றிவீரருமான மாக்ஸ் யூவ், தேசியப் போட்டியிலாகட்டும் சர்வதேசப் போட்டியிலாகட்டும் பெண்களைத் தடுத்தல் கூடாதென விதித்தார். அச்சிறுமி அப்போட்டியில் மாநில வெற்றிவீரர் மூவரை வீழ்த்தினாள்! கூச்சலிட்டோர் அஞ்சியது பெண்ணையா, அவள் ஆட்டத்தையா என்பதை வாசகர்களே முடிவு செய்க. பின்னர் 1981-இலும் 1983-இலும் ஆசிய மகளிர் பட்டம் ரோகிணியை வந்தடைந்தது.

நிற்க. பரிசு பற்றிய வருத்தத்திற்கு வருவோம். இக்காலப் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடைபெறுகின்றன. அறுபது பேர் ஆடினால், முதற்சுற்றில் தரவரிசையின் முதல்வர் முப்பத்தொன்றாமவரோடு மோதுவார். இவ்வகையில் கீழ்ப்பாதியினர் ஒவ்வொருவருக்கும் மேற்பாதியினர் ஒருவரோடு ஆடும் வாய்ப்பு முதல் நாளே அமைகிறது. தரப்புள்ளிக் கணக்கும் எளியவர்க்கு அனுகூலமானதே: தம்மினும் 400 புள்ளி மிக்கவரிடம் தோற்றால் இழப்பு மிகச் சிறிது, சமன் செய்தால் ஏற்றம் பெரிது. குறைந்த தரப்புள்ளியினர்க்கும் சிறுவர்க்கும் தனிப் பரிசுகள் வைத்தலை நாம் வரவேற்கிறோம். வாயிலை அடைத்தல் ஒன்றையே மறுக்கிறோம். தோற்ற ஆட்டத்தை எழுதி வைத்து, வீட்டில் தந்தையோடு மீண்டும் ஆடிப்பார்க்கும் பிள்ளைக்கு அவ்வொரு தாளே பாடப்புத்தகமாகும்.

புனே நகரம் இவ்வாறு பயன் பெற்றதே. இந்நகரின் அபிஜித் குண்டே 2000-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பாலக்காட்டில் பிறந்து இங்கே வளர்ந்த சௌம்யா சுவாமிநாதன் 2009-இல் உலக இளையோர் மகளிர் பட்டம் வென்றார். அவர் பெயரை நம் இல்லங்களில் தனி உவகையோடு சொல்கிறோம். 2014-இல் உலக இளையோர் போட்டியே இங்கு நடைபெற்றது.

2025 ஏப்ரலில் மகளிர் கிராண்ட் பிரி போட்டிக்காகப் பதின்மர் புனே வந்தனர். சென்னை வைஷாலியும் அவர்களுள் ஒருவர். கோனேரு ஹம்பியும் சீனத்து ஷூ ஜின்னரும் சமப் புள்ளி பெற, சமன் முறிக்கும் கணக்கில் ஹம்பி முதல்வரானார். நாகபுரியின் திவ்யா தேஷ்முக் மூன்றாமிடத்தில் நின்றார். மூன்றே திங்களில், ஜூலையில், ஜார்ஜியாவின் பதூமி நகரில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. அதே ஹம்பியை வென்று கோப்பையையும் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையும் ஒருங்கே பெற்றவர் திவ்யா. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.