லைட்வெயிட் படகோட்டம்: 3 ஒலிம்பிக், 3 பதக்கம் வென்ற பால் ஓ'டொனவன்... அடுத்து என்ன?

பாரிஸில் 2024 ஆகஸ்ட் 2ஆம் தேதி அயர்லந்தின் பால் ஓ'டொனவனும் ஃபின்டன் மெக்கார்த்தியும் தங்கம் வென்றார்கள். அதே நாளில் அவர்கள் போட்டியிட்ட லைட்வெயிட் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது.

அது என்ன பிரிவு? ஏன் போச்சு? பார்ப்போம்.

லைட்வெயிட்னா என்ன?

துடுப்புப் படகோட்டத்தில் உயரமும் எடையும் பெரிய பலம். நீளமான கை கால் இருந்தால் ஒவ்வொரு துடுப்பு வீச்சும் நீளும். உடல் சிறிதாக உள்ளவர்களுக்கும் வாய்ப்பு வேண்டும் என்பதற்காக வந்ததுதான் லைட்வெயிட். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது அறிமுகமானது.

- ஆண்கள்: ஒருவர் 72.5 கிலோவைத் தாண்டக்கூடாது. குழுவின் சராசரி 70 கிலோ.
- பெண்கள்: ஒருவருக்கு 59 கிலோ, சராசரி 57 கிலோ.

இருவர் படகில் ஒருவர் 72 கிலோ என்றால் மற்றவர் 68 கிலோவுக்குள் இருக்கணும். பந்தயத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன் எடை பார்ப்பார்கள். கூடிட்டா போட்டியில் இறங்க முடியாது. உணவையும் தண்ணீரையும் குறைத்து எடையை எட்டியவர், சற்று நேரத்தில் 2,000 மீட்டர் தூரத்தை முழு வேகத்தில் கடக்க வேண்டும். அதுதான் இந்தப் பிரிவின் சவால்.

யார் இந்தப் பால்?

1994இல் பிறந்தவர். அயர்லந்தின் கார்க் மாவட்டத்தில் உள்ள ஸ்கிபரீன் என்ற சிற்றூரின் படகு மன்றத்தில் வளர்ந்தார். பயிற்சிக்கு நடுவே முதலில் பிசியோதெரபி, பிறகு மருத்துவம் படித்தார்.

ஒலிம்பிக் பயணம் (இருவர் படகு, ஆளுக்கு இரண்டு துடுப்பு)

- ரியோ 2016: அண்ணன் கேரியுடன் வெள்ளி. படகோட்டத்தில் அயர்லந்தின் முதல் ஒலிம்பிக் பதக்கம். தங்கம் வென்ற பிரான்ஸுக்கும் அவர்களுக்கும் இடைவெளி 0.53 வினாடி மட்டுமே.
- தோக்கியோ (2021இல் நடந்தது): ஃபின்டனுடன் தங்கம். அரையிறுதியில் 6 நிமிடம் 5.33 வினாடியில் கடந்து உலகின் ஆகச் சிறந்த நேரத்தைப் பதித்தார்கள்.
- பாரிஸ் 2024: மீண்டும் தங்கம். இத்தாலிக்கு வெள்ளி, கிரீஸுக்கு வெண்கலம். மூன்று ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் அயர்லந்து வீரர் ஆனார் பால்.

அண்ணனுக்குப் பதில் ஃபின்டனா?

ஆமாம். 2018இல் பாலும் கேரியும் உலக வெற்றியாளர்கள். ஆனால் 2019இல் கேரியின் இடத்துக்கு ஃபின்டன் வந்தார். அவரும் அதே ஸ்கிபரீன் மன்றத்துக்காரர். உலகப் பட்டம் வென்ற ஜோடியாக இருந்தாலும் படகில் இடம் நிரந்தரம் இல்லை. வேகம்தான் முடிவு செய்யும். புதிய ஜோடியும் அந்த ஆண்டே உலகப் பட்டம் வென்றது. 2022, 2023இலும் அதே கதைதான்.

தனியாளாகவும் பால் சளைத்தவர் இல்லை. 2016, 2017, 2024 உலகப் போட்டிகளில் லைட்வெயிட் ஒற்றையர் தங்கம் அவருக்கே.

பிரிவை நீக்கியது ஏன்?

குத்துச்சண்டை போன்ற சண்டை விளையாட்டுகளுக்கும் பளுதூக்குதலுக்கும் மட்டும் எடைப் பிரிவு போதும் என்ற கருத்து ஒலிம்பிக் நிர்வாகத்தில் நீண்டகாலமாக உண்டு. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் லைட்வெயிட்டின் இடத்தைக் கடலோரப் படகோட்டம் பிடிக்கிறது. கடற்கரையில் ஓடி, படகில் ஏறி, மிதவைகளைச் சுற்றித் திரும்பி, மறுபடி கரையில் ஓடி முடிக்கும் குறுகிய பந்தயம் அது.

யாருக்கு இழப்பு?

இனி 70 கிலோ வீரர், 90 கிலோவுக்கும் மேல் உள்ளவர்களுடன் மோதணும். இல்லாட்டி கடலோரப் பந்தயத்துக்கு மாறணும். சராசரி உயரம் குறைவான நாடுகளுக்கு ஒலிம்பிக் படகோட்டத்தில் நுழைய எளிதான வாசலாக இருந்தது லைட்வெயிட். ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் அது பொருந்தும்.

ஆனால் கடலோரப் படகோட்டத்துக்கு 2,000 மீட்டர் நீளத்துக்கு அமைதியான நீர்ப்பாதை வேண்டாம். கடற்கரை இருந்தால் போதும். ஒரு வாசல் மூடியிருக்கிறது, இன்னொன்று திறந்திருக்கிறது. சிறிய உடல்வாகு கொண்டவர்களுக்கு அது எவ்வளவு கைகொடுக்கும் என்பது 2028இல் தெரியும்.