சந்தை கலைந்த கதை

சரித்திரம் என்றால் மன்னர்களும் போர்க்களங்களும்தான் என்று நினைத்துப் பழகிவிட்டோம். நம் கண்ணெதிரிலேயே ஒரு ராஜ்யம் எழுந்து, ஆறே ஆண்டுகளில் குடிகளை இழந்தது. ஒரு துளி ரத்தமும் சிந்தவில்லை. அதனால்தானோ என்னவோ, அதைச் சரித்திரம் என்று யாரும் சொல்வதில்லை.

2004-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில், கெவின் ரோஸ் என்ற இளைஞரும் அவருடைய கூட்டாளிகளும் 'டிக்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். 'தோண்டு' என்பது அதன் பொருள். பத்திரிகையில் எந்தச் செய்தி முதல் பக்கத்தில் வரவேண்டும் என்று ஆசிரியர் தீர்மானிக்கிறார் அல்லவா? இங்கே வாசகர்களே ஆசிரியர்கள். தாங்கள் கண்டெடுத்த செய்தியைக் கொண்டுவந்து போடுவார்கள், மற்றவர்கள் வோட்டளிப்பார்கள், வோட்டு மிகுந்தது மேலே ஏறும். பிடிக்காததைப் புதைக்கவும் ஒரு பொத்தான் உண்டு. ஜனங்கள் வந்து குவிந்தார்கள். 2006 ஆகஸ்டில் 'பிசினஸ் வீக்' பத்திரிகை, இந்தப் பிள்ளையாண்டான் 18 மாதத்தில் 6 கோடி டாலர் சேர்த்துவிட்டான் என்று ரோஸின் படத்தை அட்டையில் போட்டுக் கொண்டாடியது.

இதற்கிடையில், வர்ஜீனியா சர்வகலாசாலையில் ஒரே அறையில் வசித்த ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஒஹானியன் என்ற இரு மாணவர்கள், செல்போன் வழியாகச் சாப்பாடு வரவழைக்கும் யோசனை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பால் கிரகாம் என்பவரிடம் போனார்கள். புதுத் தொழில் தொடங்கும் வாலிபர்களுக்கு முதல் போடுகிறவர் அவர். முடியாது என்று சொல்லிவிட்டார். மனம் உடைந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தவர்களை மறுநாள் போனில் கூப்பிட்டு, "வேறு யோசனையோடு வாருங்கள், பணம் தருகிறேன்" என்ற பொருள்படப் பேசினார். அப்படிக் கிடைத்த 12,000 டாலரில், 2005 ஜூனில் பிறந்தது 'ரெட்டிட்'.

கடையைத் திறந்தாயிற்று, ஆள் வரவேண்டுமே! கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு ஆள் குறைந்தால், வீட்டுக்காரர் உறவினர்களைப் பிடித்து உட்கார வைப்பதுண்டு. இவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. ஆகவே பல பொய்ப் பெயர்களைப் புனைந்துகொண்டு, எல்லா இலைகளிலும் தாங்களே மாறி மாறி உட்கார்ந்தார்கள். மெள்ள மெள்ள நிஜ மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். 2006 அக்டோபரில் காண்டே நாஸ்ட் என்ற பெரிய பத்திரிகை ஸ்தாபனம் ரெட்டிட்டை வாங்கியது. 2008-ல் யார் வேண்டுமானாலும் அங்கே தனித் தெரு அமைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சமையலுக்கு ஒன்று, சரித்திரத்துக்கு ஒன்று என்று தெருக்கள் பெருகின. அவற்றைப் பெருக்கிச் சுத்தம் செய்து காவல் காத்தவர்கள் சம்பளமில்லாத வாசகர்கள்.

டிக்கோ இன்னும் பெரிய ஊராகவே இருந்தது. 2010 ஆகஸ்டில் அதன் முதலாளிகள் தளத்தை அடியோடு மாற்றினார்கள். புதைக்கும் பொத்தான் போயிற்று. பெரிய பத்திரிகைகள் தங்கள் செய்திகளைத் தாங்களே இயந்திரம் போல் கொண்டுவந்து கொட்டலாம் என்று ஆயிற்று. நேற்றுவரை ஆசிரியராக இருந்தவன் இன்று வெறும் பார்வையாளன்! வாசகர்கள் கொதித்தார்கள். டிக்கின் முதல் பக்கம் முழுவதையும் ரெட்டிட்டின் செய்திகளாலேயே நிரப்பினார்கள். பிறகு கூட்டம் கூட்டமாக அங்கேயே குடிபெயர்ந்தார்கள். இணையத்தில் வீடு மாற வண்டி மாடு தேவையில்லை. விரல் அசைந்தால் போதும். 2012 ஜூலையில் டிக்கின் பெயரும் தளமும் சுமார் 5 லட்சம் டாலருக்கு விலைபோயின.

ஜயித்தவர்கள் பாடம் படித்தார்களா? 2023-ல் ரெட்டிட், வெளியார் செய்த செயலிகளுக்குப் பெருங் கட்டணம் விதித்தது. அவற்றை நம்பி வேலை செய்த தெருக் காவலர்கள், ஆயிரக்கணக்கான தெருக்களின் விளக்கை அணைத்து ஹர்த்தால் செய்தார்கள். நிர்வாகம் அசையவில்லை. இந்த முறை கூட்டமும் பெரிதாகக் கலையவில்லை. கிளம்பிப் போக அதே அளவில் இன்னொரு சந்தை பக்கத்தில் இல்லையே! 2024 மார்ச்சில் ரெட்டிட்டின் பங்குகள் நியூயார்க் சந்தைக்கு வந்தபோது, உழைத்த வாசகர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது; இனாமாக அல்ல, காசு கொடுத்து வாங்கிக்கொள்ள.

போட்டி இருக்கும் வரையில்தான் முதலாளிக்குக் கூட்டத்தின் அருமை தெரிகிறது. தேரைச் செய்தவன் அதைத் தன் சொத்து என்கிறான். சட்டமும் ஆமாம் என்கிறது. ஆனால் வடம் பிடிக்க ஆள் இல்லாத தேர் நிலையை விட்டு நகராது.

2025 மார்ச்சில் ஒரு விந்தை நடந்தது. பாழடைந்த டிக்கை மறுபடி விலைக்கு வாங்கினார் கெவின் ரோஸ். அவருக்குக் கூட்டாளியாக வந்தவர், ஒரு காலத்தில் எதிர்க்கடை வைத்திருந்த அலெக்சிஸ் ஒஹானியன்! இருவரிடமும் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் 2010-ல் எழுந்து போனவர்களைத் திரும்ப அழைத்து வர எந்தப் பத்திரத்திலும் வழி எழுதியிருக்கவில்லை.