வெட்டிக் குறைத்த வண்டிகளின் கதை

'பாப் கட்டிங்' என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முடிதிருத்தும் நிலையம்தான் நினைவுக்கு வரும். அதே சொல் மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு. முன் மட்கார்டைக் கழற்றிவிட்டு, பின் மட்கார்டைப் பாதியாகக் கத்தரித்து, தேவையில்லாததையெல்லாம் எடுத்துப் போட்ட வண்டிக்கு 'பாபர்' என்று பெயர். இன்னும் ஒரு படி மேலே போய், பின்பக்கத்து ஷாக் அப்சார்பரையும் அது நிற்கும் ஸ்விங் ஆர்மையும் அறவே நீக்கிவிட்டு, சேஸிஸின் பின்பாதியில் அசையாத குழாயைப் பற்றவைத்துவிட்டால் அது 'ஹார்டு டெயில்'. தமிழில் கெட்டி வால் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் புதுச்சேரிப் போக்குவரத்துத் துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டிகளை ஓட்டியதைவிட அவற்றின் காகிதங்களைப் புரட்டியதுதான் அதிகம். இப்போது நம் ஊர் இளைஞர்கள் பழைய புல்லட்டை வாங்கி இப்படி வெட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். "இதுதான் தாத்தா பழைய காலத்து ஸ்டைல்" என்று என்னிடமே சொல்கிறார்கள். பழைய காலம் என்றால் எது என்று தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை உலகத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை கெட்டி வால்தான். முன்சக்கரத்துக்கு ஏதோ ஒரு வகை ஸ்பிரிங் இருக்கும். பின்சக்கரம் சேஸிஸோடு நேராக இறுக்கப்பட்டிருக்கும். ஓட்டுபவருக்கு இருந்த ஒரே ஆறுதல், சீட்டுக்கு அடியில் இருந்த இரண்டு சுருள் கம்பிகள். நாங்கள் படித்த பிரெஞ்சில் இதைக் 'காத்ர் ரிஜீத்' என்பார்கள், அசையாத சட்டம் என்று பொருள். அதை அன்று யாரும் ஸ்டைல் என்று நினைக்கவில்லை. வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தின் குணம் எனக்கு நேரடியாகத் தெரியும். 1960களின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு சொல்தாவிடம் பி.எஸ்.ஏ. எம்.20 வண்டி இருந்தது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் சுமார் 1,26,000 எண்ணிக்கையில் செய்யப்பட்ட வண்டி அது. போர் முடிந்தபின் ஏலத்தில் உலகமெங்கும் பரவியது. வில்லியனூர்த் தேருக்கு அவர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். அவருக்காவது சுருள் கம்பி சீட்டு இருந்தது. எனக்கு மட்கார்டின் மேல் திருகிய ஒரு சிறு திண்டுதான். பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஒவ்வொரு கல்லும் என் முதுகெலும்பு வழியாகப் பல்லுக்கு வந்து சேர்ந்தது. திரும்பும்போது பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். வெட்டிக் குறைக்கும் பழக்கம் அங்கேதான் வளர்ந்தது. 1930களில் பொருளாதார மந்தம். பந்தயத்துக்கென்று தனி வண்டி வாங்க யாரிடமும் காசில்லை. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 'சி பிரிவு' என்று ஒரு பந்தயத்தைக் கொண்டுவந்தது. கடையில் விற்கும் சாதாரண வண்டியிலேயே ஓட வேண்டும். ஆகவே ஒருவர் தன் வண்டியில் வீட்டிலிருந்து மைதானத்துக்கு வருவார். விளக்கையும் மட்கார்டையும் கழற்றி வைப்பார். ஓடுவார். பிறகு எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். சில பேர் திரும்ப மாட்டவில்லை. எடை குறைந்தால் வேகம் கூடுகிறதே, எதற்கு மாட்ட வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

போர் வந்தது. ஹார்லி டேவிட்சன் கம்பெனி ராணுவத்துக்காக டபிள்யூ.எல்.ஏ. ரக வண்டிகளையும் அதன் கனடா வகையையும் சேர்த்து 90,000 அளவில் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் அவை மலிவு விலைக்கு வந்தன. ஊர் திரும்பிய சிப்பாய்கள் அவற்றை வாங்கி, துப்பாக்கி உறையையும் பெட்டிகளையும் கனமான மட்கார்டுகளையும் எடுத்தெறிந்தார்கள். 1953ல் வந்த 'தி வைல்டு ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ டிரையம்ப் ஓட்டுவார். அவருக்கு எதிராளியாக வரும் லீ மார்வின் ஓட்டுவது இப்படி வெட்டிய ஒரு ஹார்லி.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவர்கள் யாரும் வண்டியைக் கெட்டி வாலாக மாற்றவில்லை. அது வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. அவர்கள் எடுத்தது அலங்காரத்தையும் பாரத்தையும் மட்டுமே. பயணத்தை மென்மையாக்கும் எதையும் அவர்கள் எடுக்கவில்லை, எடுப்பதற்கு எதுவும் இல்லை. ஹார்லியின் பெரிய வண்டிக்குப் பின்பக்க ஷாக் வந்ததே 1958ல்தான். 'டியோ கிளைடு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் என்பதைப் பெருமையாகச் சொல்வதற்காக.

நம் புல்லட் இந்த விஷயத்தில் ஹார்லிக்கு ஒன்பது ஆண்டு மூத்தது. 1949 மாடல் 350 சிசி புல்லட் பின்பக்கம் ஸ்விங் ஆர்மோடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சோதனைப் பந்தயத்தில் பிரிட்டிஷ் அணி வென்றது. அந்த அணியில் ஓடிய இரண்டு புல்லட்டுகளுக்கும் தங்கப் பதக்கம். கரடுமுரடான பாதைக்குப் பின்சக்கர ஸ்பிரிங் உதவாது, பிடிப்பு போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1970ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு வண்டி செய்வது நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் நிற்கவில்லை. ஆக, புல்லட்டின் பின் ஸ்பிரிங்கை அறுத்து எறிகிறவர், அந்த வண்டிக்குப் பெயர் வாங்கித் தந்த பாகத்தையே எறிகிறார்.

அப்படியானால் நன்றாக ஓடும் ஸ்பிரிங் வண்டியை அறுக்கும் பழக்கம் எப்படி வந்தது? அதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1969ல் வந்த 'ஈஸி ரைடர்' கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான பரிசைப் பெற்றது. அதில் பீட்டர் ஃபோண்டா ஓட்டும், அமெரிக்கக் கொடி வரைந்த டாங்க் உள்ள வண்டி உலகப் புகழ் பெற்றது. ஏலத்தில் எடுத்த பழைய போலீஸ் ஹார்லிகளிலிருந்து அந்தப் படத்தின் வண்டிகளை உருவாக்கியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. நடிகரை உலகம் கொண்டாடியது. லாஸ் ஏஞ்சலஸ் பட்டறையில் குழாயை வளைத்தவர்களின் பெயர் வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆயின. ஃபைலில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர் என்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிதாகப் படவில்லை. ஆனாலும் வருத்தமாக இருந்தது.

அந்தப் போலீஸ் வண்டிகளும் 1950ஐ ஒட்டிய காலத்தவை, பிறவியிலேயே கெட்டி வால். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு வந்த இளைஞர்களிடம் இருந்ததோ ஸ்பிரிங் வைத்த புது வண்டி. பின்னால் அந்த நேர்கோடு வர வேண்டும் என்றால் அறுத்தாக வேண்டும். அன்றைய டிரையம்ப் வண்டியில் சேஸிஸின் பின்பகுதி போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டுக் கெட்டி வாலை மாட்ட வசதி. மற்ற வண்டிகளுக்கு ரம்பமும் வெல்டிங்கும்தான். தாத்தாக்கள் வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொண்டதை, பேரன்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். சேஸிஸை முதலில் ஒரு கனமான இரும்புச் சட்டத்தில் அசையாமல் இறுக்க வேண்டும். அறுத்த குழாய்க்குள் பொருந்தும்படி இன்னொரு கட்டித் துண்டைச் செருகி, அதன் மேல் புதுக் குழாயை இணைத்துப் பற்றவைக்க வேண்டும். வெறுமனே முனையோடு முனை ஒட்டினால் போதாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சிறிது விலகினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கெட்டி வாலில் உண்மையான நன்மைகளும் உண்டு. சக்கரம் மேலும் கீழும் போகாததால் செயினின் இறுக்கம் மாறாது, மட்கார்டை டயரை ஒட்டியே வைக்கலாம், எடை குறையும். ஆனால் ஷாக் வாங்க வேண்டிய அடியை இப்போது வெல்டிங் வாங்குகிறது. ஒரே நாளில் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கான குழிகளுக்குப் பிறகு மயிரிழை போல ஒரு விரிசல் விழும். பெயிண்டுக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவானதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆபீசில் நாங்கள் சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட்டை ஃபைலில் ஒட்டுவோம். வண்டிக்கு அதுதான் கைநாட்டு. அறுத்து ஒட்டிய சேஸிஸின் உரிமையாளர், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரருக்கு என்ன பதில் சொல்வார்?

இன்னொரு விதி நம் நாட்டுக்கே உரியது. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும். நாம் சேலை கார்டு என்று சொல்வது இதைத்தான். வெட்டிக் குறைக்கிறவர்கள் முதலில் தூக்கிப் போடுவதும் இதைத்தான்.

சென்ற ஆண்டு எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை, காலமான தன் தாத்தாவின் புல்லட்டை வெட்டப் போவதாகச் சொல்லிப் படங்களோடு வந்தான். ஒற்றை சீட்டு, கெட்டி வால், மட்கார்டு இல்லை. சட்டத்தைச் சொன்னேன். "யார் தாத்தா பிடிக்கப் போறாங்க?" என்றான். விரிசலைச் சொன்னேன். நல்ல வெல்டர் இருக்கிறார் என்றான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவன் பாட்டி படத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்கள். "நான் உக்கார்ற எடம் எங்கடா?" என்று கேட்டார்கள். அந்தப் பின்சீட்டில், அந்த சேலை கார்டை ஒட்டி, ஒருபக்கமாக உட்கார்ந்து முப்பது வருஷம் மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் போனவர்கள். பையன் பதில் சொல்லவில்லை.

அவன் சேஸிஸில் கை வைக்கவில்லை. என்ஜினைப் பிரித்துச் சரி செய்து, டாங்குக்குக் கறுப்பு அடித்து, தாத்தா காலத்துக்குப் பிறகு மாட்டிய வேண்டாத கம்பிகளையும் பெட்டியையும் கழற்றிவிட்டான். நீண்ட சீட்டை மட்டும் புதுத் தோல் போட்டு அப்படியே வைத்துக்கொண்டான். அவன் கேட்ட கெட்டி வால் கிடைக்கவில்லை என்ற குறை அவனுக்கு இன்னும் இருக்கிறது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த நேர்கோடு அழகுதான்.

அந்த அழகுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த பில் டேவிஸ் என்ற பொறியாளர், ஷாக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் கீழே ஒளித்து, பார்வைக்குக் கெட்டி வால் போலவே இருக்கும் ஒரு சட்டத்தை வடிவமைத்தார். ஹார்லி கம்பெனி அந்த உரிமையை வாங்கி, 1984 மாடலாக 'சாஃப்டெயில்' என்ற பெயரில் விற்றது. நன்றாக விற்றது. வாங்கியவர்கள் விரும்பியது அந்தக் கோட்டைத்தான், முதுகு வலியை அல்ல.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு பழைய புல்லட்டோ ஜாவாவோ ராஜ்தூத்தோ சாய்த்து வைக்கப்பட்டிருக்கலாம். பேரன் வந்து கேட்டால் உடனே மறுக்க வேண்டாம். அவன் கை அழுக்காகி ஒரு வண்டியைப் புரிந்துகொள்வது நல்ல விஷயம். முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். சேஸிஸ் எண் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஸ்பேனரால் கழற்றுவதைக் கழற்றட்டும். கழற்றியதை ஒரு சாக்கில் கட்டிப் பரண்மேல் வைக்கச் சொல்லுங்கள், வேண்டுமானால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ரம்பத்தை எடுத்தால் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.