கெடில்ஸ்டன் மாளிகையின் உள்ளமைப்பு

இங்கிலாந்தில் ஜார்ஜ் என்னும் பெயருடைய மன்னர் நால்வர் தொடர்ந்து ஆண்ட காலத்தே (1714–1830) நிலக்கிழார் எழுப்பிய நாட்டுப்புற மாளிகைகளுள் டெர்பிஷயரிலுள்ள கெடில்ஸ்டன் ஆராயத்தக்கது. அதனைக் குடியிருப்பாகக் கொண்டு நோக்குவார்க்கு அதன் அமைப்பு விளங்காது. காட்சிக்கென எழுந்த கட்டடமாகக் கொள்வார்க்கே விளங்கும் என்பது எம் கருத்து.

சர் நத்தானியேல் கர்சன் 1758இல் உரிமை எய்தி, மறு ஆண்டே பணி தொடங்கினார். பிரெட்டிங்காம், பெயின் ஆகிய இருவர் வரைந்த திட்டம் ஈற்றில் இராபர்ட் ஆடமிடம் வந்தது. ஆடம் 1757இல் ஸ்பாலட்ரோவில் உரோமப் பேரரசன் டயோக்ளீஷியனின் அரண்மனையை நேரில் அளந்தவர். 1764இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். அப்பயிற்சியின் சுவடு கெடில்ஸ்டன் எங்கும் உண்டு. அதன் தென்முகம் உரோம நகரத்துக் கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவின் சாயலது.

வடவாயில் கடந்தவுடன் பளிங்கு மண்டபம் எதிர்ப்படும். பெயர் அதுவாயினும் அங்குள்ள 20 தூண்களும் பளிங்கல்ல. அலபாஸ்டர் என்னும் மென்கல்லால் ஆயவை. பக்கச் சுவர்களில் பலகணி இல்லை. ஒளி கூரையினின்றே இறங்குகிறது. உரோமர் இல்லங்களின் நடுமுற்றத்தை நினைவூட்டுதலே நோக்கம். அடுத்துள்ள வட்டக்கூடம் உரோமின் பாந்தியன் கோயிலைப் பின்பற்றி, 62 அடி உயரக் குவிமாடம் கவிய நிற்கிறது. குளிர்நாட்டில் கணப்பின்றி இயலாது; ஆனால் கோயிலில் கணப்பு ஏது? ஆதலின் இரும்புக் கணப்புகளுக்குப் பலிபீட வடிவம் தந்து மாடங்களில் மறைத்தனர். எம் கூற்றுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குடும்பத்தார் வாழ்ந்ததோ நடுக்கட்டடத்தில் அன்று, கிழக்குச் சிறகில். சமையற்கட்டு மேற்குச் சிறகில் இருந்தது. உணவு வளைந்த நெடுநடை கடந்து வருதல் வேண்டும். வீட்டின் அருகிருந்த ஊரும் காட்சிக்கு இடையூறெனப் பெயர்க்கப்பட்டது. அவ்வூரின் பழைய தேவாலயம் மட்டும் இன்றும் மாளிகையை ஒட்டி நிற்கிறது. ஊர் மக்கள் இழந்ததனைக் கட்டடக்கலை நூல்கள் ஒரு வரியில் கடந்து செல்வது முறையன்று.

திட்டமிட்ட சிறகுகள் நான்கு, எழுந்தவை இரண்டே. நான்கும் முற்றுப்பெற்ற வடிவைக் காண விழைவோர் கல்கத்தாவுக்குச் செல்லவேண்டும். வெல்லெஸ்லி பிரபு ஆட்சியில் சார்லஸ் வயட் 1799 முதல் 1803 வரை கட்டிய அரசினர் மாளிகை கெடில்ஸ்டனைத் தழுவியது. 1859இல் கெடில்ஸ்டனில் பிறந்த கர்சன் பிரபு, 1899இல் அரசப் பிரதிநிதியாக அதனுள் குடிபுகுந்தார். ஆங்குச் சமையற்கட்டு மாளிகைக்குள்ளேயே இல்லை. உணவு வெளியிலிருந்து சுமந்து வரப்பட்டது.