துப்பறியும் நாவல்களும் வாசகர் தீர்ப்பும்

1. முன்னுரை

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஒரே வழியிற் செல்வர். 1879-இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தில் தொடங்கி, ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரத்தையும், 1898-இல் தோன்றிய மாதவையாவின் பத்மாவதி சரித்திரத்தையும் பாராட்டி, அடுத்த முப்பது ஆண்டுகளைச் சில பத்திகளிற் கடந்து, கல்கியையும் மணிக்கொடி எழுத்தாளரையும் சென்று சேர்வர். இடைப்பட்ட காலம் ‘துப்பறியும் நாவல்களின் காலம்’ என்றும் ‘தழுவல்களின் காலம்’ என்றும் பெயர் பெற்று, நாவலிலக்கியம் தாழ்வுற்ற காலமாகக் கருதப்படுகிறது.

ஆயின் அக்காலத்தேதான் தமிழில் நாவல் படிப்போர் என்றொரு பெருங்கூட்டம் உருவாயிற்று. முன்னைய மூன்று நாவல்களையும் படித்தோர் சிலர். பின்னைய துப்பறியும் கதைகளையும் காதற் கதைகளையும் படித்தோர் பலர். அப்பலரும் தாம் படித்தவற்றைப் பற்றி என்ன கருதினர் என்பதை நம் இலக்கிய வரலாறுகள் கேட்டதாகத் தெரியவில்லை. புலவர் கூறிய தீர்ப்பு எழுத்தில் நின்றது. வாசகர் கூறிய தீர்ப்புக்குச் சான்றுகளை வேறிடங்களிற் தேடவேண்டியுள்ளது. அச்சான்றுகளைத் தொகுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆசிரியர்களும் நூல்களும்

தமிழில் துப்பறியும் கதைக்கு வழிவகுத்தோருள் பண்டித நடேச சாஸ்திரியார் ஒருவர். தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தலைவனாகக் கொண்ட அவர்தம் கதைநூல் 1894-இல் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்துறை விரிந்தது. ஜே. ஆர். ரங்கராஜு எழுதிய இராஜாம்பாள் 1908-இல் வெளியாயிற்று. அவர் படைத்த துப்பறிவாளர் கோவிந்தன் வீடுதோறும் அறிந்த பெயரானார். சந்திரகாந்தா, மோகனசுந்தரம், ஆனந்தகிருஷ்ணன் முதலிய நூல்கள் அதனைத் தொடர்ந்தன. ஆரணி குப்புசாமி முதலியார், 1915-இல் தொடங்கப்பெற்ற ஆனந்தபோதினி என்னும் திங்களிதழின் ஆசிரியராயிருந்து, ஆங்கிலக் கதைகள் பலவற்றைத் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களும் மாந்தர் பெயர்களும் இட்டுத் தழுவி எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் மேனகா, கும்பகோணம் வக்கீல் முதலியவற்றை எழுதித் திகம்பர சாமியார் என்னும் துப்பறிவாளரைத் தந்தார். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-இல் ஜகன்மோகினி இதழை ஏற்று, அதில் வைதேகி என்னும் நாவலைத் தொடராக வெளியிட்டார். 1960-இல் மறையும்வரை அவர் எழுதிய நாவல்கள் நூற்றுக்கும் மேற்பட்டன.

இந்நூல்களிற் காதலும் மருமமும் பிரியாமல் நிற்கும். ஒருவனும் ஒருத்தியும் விரும்புவர், இடையூறு தோன்றும், கொலையோ கடத்தலோ பொய்க் குற்றச்சாட்டோ நிகழும், துப்பறிவாளர் உண்மை காண்பார், காதலர் கூடுவர். இக்கட்டுக்கோப்பு பெரிதும் மாறாமல் வந்தமையே இவற்றின் வலிமையும் குறையுமாகும்.

3. மறுப்புரைகள்

இவற்றுக்கு எதிராகக் கூறப்பட்டவற்றை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது ஒழுக்கம் பற்றியது. களவும் கொலையும் கூடாவொழுக்கமும் நிறைந்த கதைகளைப் படிக்கும் இளைஞரும் பெண்டிரும் நெறி தவறுவர் என்பது அது. இரண்டாவது சொந்தமின்மை பற்றியது. இவை பிறநாட்டுக் கதைகளின் மாற்றுருவங்கள். மூலத்தின் பெயரையும் கூறாமல் வருவன. ஆதலின் இலக்கியமாகா என்பது அது. புதுமைப்பித்தன் தழுவலைக் கடுமையாக எதிர்த்து, பிறமொழிப் படைப்புகள் வேண்டுமாயின் நேரிய மொழிபெயர்ப்பாகவே வருதல் வேண்டும் என்று வாதிட்டது இவ்வகையைச் சாரும். மூன்றாவது நடை பற்றியது. வடசொற்களும் ஆங்கிலச் சொற்களும் பேச்சுவழக்கும் கலந்த நடை தமிழைக் கெடுக்கும் என்பது அது.

இம்மூன்றனுள் இரண்டாவது கருத்தில் உண்மை மிகுதி. ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸ் 1844 முதல் இலண்டன் மருமங்களைப் பற்றி வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் வெளியிட்ட கதைத்தொடர் இங்கிலாந்தின் உழைக்கும் மக்களிடையே பரவியது. அவர்தம் நூல்கள் பின்னர் இந்திய மொழிகள் பலவற்றிலும் புகுந்தன. இங்கிலாந்தில் அவர் பெயர் மங்கிய பின்னரும் இந்தியாவில் அவரைப் படித்தோரும் தழுவினோரும் குறையவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார் அவருக்குப் பெரிதும் கடன்பட்டவர். எனினும் கடன்பட்டமை ஒன்றையே கொண்டு ஒரு காலத்தின் எழுத்து முழுவதையும் ஒதுக்கலாமோ என்பது வினா.

4. மறைமலையடிகள் தரும் சான்று

இவ்வினாவுக்கு விடைகாண உதவும் சான்று தமிழ்ப் புலவருலகத்திலேயே கிடைக்கிறது. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகிய மறைமலையடிகள் 1911-இல் குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி என்னும் புதினத்தை வெளியிட்டார். அந்நூல் ரெயினால்ட்ஸ் எழுதிய லீலா என்னும் கதையின் தழுவல். காக்கசிய மலைப்பகுதியைச் சேர்ந்த மிங்கிரேலியா நாட்டுக் கதை, அடிகளார் கையில் பழந்தமிழ் நாகநாட்டுக் கதையாக மாறிற்று. பின்னர் 1921-இல் கோகிலாம்பாள் கடிதங்கள் என்னும் நூலை மடல்வடிவில் இயற்றினார்.

சென்னைக் கடைத்தெருவில் விற்ற மருமக் கதைகளும் அடிகளாரின் புதினமும் ஒரே ஊற்றினின்று நீர் முகந்தன. ஊற்றின் பெயரைக் கொண்டு நூலின் தகுதியை அளக்கவியலாது என்பது இதனாற் பெறப்படும். அடிகளார் தேர்ந்தெடுத்த கதையும், அவர் வகுத்த செந்தமிழ் நடையும், பழந்தமிழ் வாழ்வோடு அவர் அதனை இயைத்த முறையும் கொண்டே அந்நூலை நாம் மதிப்பிடுகிறோம். அதே அளவுகோலை ரங்கராஜுவுக்கும் வடுவூராருக்கும் கொள்ளாமல், அவர்களைத் ‘தழுவியவர்’ என்ற ஒரு சொல்லால் தள்ளுதல் நடுவுநிலையாகாது.

5. வாசகர் தீர்ப்புக்குரிய சான்றுகள்

வாசகரின் கருத்தை அறிய மூன்றுவகைச் சான்றுகள் உள. முதலாவது மேடையும் திரையும். எம். கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் நாவல்களை நாடகமாக்கினார். புராணக் கதைகளே ஆண்ட மேடையில் சமகாலக் குடும்பக் கதை இடம்பெற இவை உதவின. 1935-இல் மேனகாவும் இராஜாம்பாளும், 1936-இல் சந்திரகாந்தாவும், 1950-இல் திகம்பர சாமியாரும் திரைப்படங்களாயின. மக்கள் படித்து விரும்பாத கதையை நாடகக் குழுவினரும் படமுதலாளிகளும் பொருள் செலவிட்டு எடுத்திரார்.

இரண்டாவது இதழ்கள். ஆனந்தபோதினி, வடுவூரார் நடத்திய மனோரஞ்சனி, ஜகன்மோகினி ஆகியன கதையின் வலிமையால் திங்கள்தோறும் வாசகரைத் தேடிச் சென்றவை. ஒரு திங்களிற் பாதியில் நின்ற கதைக்காக அடுத்த திங்கள் காத்திருத்தல் என்னும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இவற்றாற் பரவியது.

மூன்றாவது சான்றே யாவற்றினும் சிறந்தது. அது வாசகரே ஆசிரியரான வரலாறு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக் கல்வி பெற்றவரல்லர். இளம்பருவத்திலேயே மணம் செய்விக்கப்பெற்றவர். எழுதப் பழகுமுன் தம் முதல் நாடகத்தைத் தோழி ஒருவருக்குச் சொல்லி எழுதுவித்தார். அத்தகையவர் இதழாசிரியராகவும் நாவலாசிரியராகவும் உயர்ந்து, நாட்டு விடுதலைப் போரிலும் சிறை சென்றார். நாவலாற் பெண்டிர் கெடுவர் என்ற முதல் மறுப்புரைக்கு அவர் வாழ்வினும் சிறந்த விடை வேண்டுமோ?

6. வாசகர் கண்ட பொருள்

இனி, வாசகர் இக்கதைகளில் எதனைக் கண்டு மகிழ்ந்தனர் என்பதை ஆராய்வோம். அகப்பொருள் இலக்கணம் பயின்றோர்க்கு இக்கதைகளின் நிரல் புதிதன்று. களவு, இற்செறிப்பு, நொதுமலர் வரைவு, உடன்போக்கு, கற்பு என நாம் வகுத்த துறைகள் வேறு பெயரில் ஈண்டும் வருகின்றன. ஆசிரியர் அகப்பொருள் கற்றே இவற்றை எழுதினர் என்பது கருத்தன்று. தமிழ் வாசகருக்கு இந்நிரல் அயலாகத் தோன்றாமைக்கு அஃதொரு காரணமாதல் கூடும் என்பதே கருத்து.

வேற்றுமையும் உண்டு. அகப்பாட்டில் தலைவன் தலைவியர் பெயர் சுட்டப்பெறார். நாவலிலோ பெயர், தொழில், ஊர், தெரு, சம்பளம் யாவும் சுட்டப்பெறும். மேனகாவில் கணவன் வீட்டாரின் சூழ்ச்சியால் ஒருத்தி விற்கப்படுகிறாள். வாங்கியவனின் மனைவியே அவளைக் காக்கிறாள். கும்பகோணம் வக்கீலில் சட்டம் கற்றவரே சூழ்ச்சிக்காரர். துறவுக்கோலம் பூண்டவர் உண்மையை வெளிப்படுத்துகிறார். புகுந்த வீட்டில் பெண்ணுக்கு நேரும் இடர், சொத்துவழக்கு, பொய்ச்சான்று, கையூட்டு ஆகியவை வாசகர் நாடோறும் அறிந்தவை. வழக்குமன்றத்தில் உண்மை வெல்லும் என்னும் உறுதி குன்றியோர், கதையிலேனும் அது வெல்லக் கண்டனர். துப்பறிவாளரிடம் அவர்கள் வைத்த அன்பின் காரணம் இதுவே எனலாம்.

நடையைப் பற்றிய மூன்றாவது மறுப்புக்கும் ஈண்டு விடை கூறலாம். ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கூடிக் கேட்டல் நம் நாட்டுப் பழைய வழக்கம். ஒருவர் தனித்திருந்து வாய்விடாமல் விரைந்து படித்தல் நாவலொடு வளர்ந்தது. அடுத்தது யாது என அறியும் வேட்கை, உரைநடையைத் தடையின்றிப் படிக்கும் பயிற்சியைத் தந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2002-இல் வெளியிட்ட நாவலும் வாசிப்பும் என்னும் நூல் இவ்வாசிப்பு மாற்றத்தை வரலாற்று முறையில் விளக்குகிறது. அக்கலப்பு நடையிற் பயின்ற வாசகரே பின்னர்க் கல்கியின் நல்ல உரைநடையை வரவேற்றனர்.

7. குறைகள்

இந்நூல்களின் குறைகளை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. மாந்தர் நல்லோர், தீயோர் என இரு கூறாகவே நிற்பர். வளர்ச்சி காண்டல் அரிது. தற்செயல் நிகழ்ச்சியே பல முடிச்சுகளை அவிழ்க்கும். கைம்பெண்டிரையும், பிற சாதி சமயத்தாரையும் தீமையின் வடிவமாகக் காட்டும் இடங்கள் இன்று படிப்போரை வருத்தும். வாசகர் விரும்பியதனால் மட்டும் ஒரு நூல் சிறந்ததாகிவிடாது. எனினும் அவர் விரும்பியது எது, ஏன் விரும்பினார் என்பது இலக்கிய வரலாற்றுக்குரிய வினாவே. குறையுடைய நூலும் சான்றாம் தகுதி உடையது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? தமிழ் நாவலைப் படைத்தோரின் வரலாற்றை நாம் ஓரளவு எழுதியுள்ளோம். கைலாசபதியின் தமிழ் நாவல் இலக்கியமும் (1968), சிட்டியும் சிவபாதசுந்தரமும் இணைந்தெழுதிய நூறாண்டு வரலாறும் (1977) அத்துறையிற் பெருந்துணைகள். படித்தோரின் வரலாறு இன்னும் முழுமை பெறவில்லை. அதற்கு வேண்டும் மூலங்களோ அருகி வருகின்றன. மலிவான தாளில் அச்சாகிக் கைமாறிக் கிழிந்த நூல்களை இலக்கியமெனக் கருதாமையால், அவற்றைப் பேணுவதும் கடனெனப் பலர் கருதிலர். அவற்றைப் பெரிதும் காத்தவர் கோட்டையூரில் தம் பொருளைச் செலவிட்டு நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும் திரட்டிய ரோஜா முத்தையா செட்டியார். அவர் மறைவுக்குப் பின் 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையால் அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

தனியொருவர் தேர்ந்து தள்ளாமல் திரட்டியதனால் எஞ்சிய சான்றுகளே இன்று நமக்கு வழிகாட்டுகின்றன. தகுதியுடையது இது, இல்லாதது இது என்று முன்னரே தீர்ப்பளித்துச் சேர்த்திருப்பாராயின் இக்கட்டுரைக்கு இடமே இராது. தமிழ் முதுகலை மாணவர் தம் ஊர் நூலகங்களிலும் பழைய வீடுகளிலும் எஞ்சிய இத்தகைய நூல்களைப் பட்டியலிட்டு, உரிமையாளர் பெயர், கையொப்பம், ஓரக் குறிப்பு ஆகியவற்றையும் படியெடுத்தல் வேண்டும். ஒரு பெண்மணி தம் நாவலின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்த ஒருவரிக் கருத்தும், மதிப்புரையாளரின் கருத்தோடு வைத்து எண்ணத்தக்கதே. அவை அழியுமுன் தொகுக்கப்பெறின், தமிழ் நாவலின் வரலாறு படித்தோரையும் உள்ளடக்கிய வரலாறாக நிறைவுறும்.