சுங்கம் தவிர்த்த சோழன்

1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்க சோழனின் பட்டப்பெயர் இது. வரி விதித்த அரசர்களால் நிறைந்த வரலாற்றில், ஒரு வரியைக் கைவிட்டதற்காகவே பெயர் பெற்ற அரசன் என்பதால் இவன் தனித்து நிற்கிறான். இவனுடைய தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

சுங்கம் என்பது வழியில் போகும் சரக்கின் மீது வாங்கும் வரி. திருக்குறள் அதை 'உல்கு' என்று சொல்கிறது. கடல்வழியாகவும் நிலவழியாகவும் வரும் பண்டத்துக்கு உரிய இறை என்று பரிமேலழகர் அதற்கு விளக்கம் தருகிறார். ஐநூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் செழித்திருந்த காலம் அது. 1077இல் 72 பேர் கொண்ட சோழத் தூது சீன அரசவைக்குச் சென்றது. சரக்கு தடையின்றி ஓடினால் நாடு வளரும் என்பதை உணர்ந்த அரசாகவே இவனுடைய அரசைக் காண வேண்டும்.

ஆனால் இவனை வரியே வேண்டாம் என்றவனாகக் கொண்டாடுவது தவறு. 1086இல் இவன் நிலத்தை அளக்கச் செய்தான். இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் நிலக்கணக்கு எடுத்ததும் அதே ஆண்டில்தான். சோழன் அளந்தது நிலவரிக்காகவே. கடமை, அந்தராயம் முதலிய வரிகளோடு, கூலியில்லா உழைப்பான 'வெட்டி'யும் சோழர் கல்வெட்டுகளில் குடிகளின் கடனாக வருகிறது. உழைத்துப் பெற்ற வருவாயின் மீது வரி வாங்குவது கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்று அமெரிக்கச் சுதந்திரவாதி இராபர்ட் நோசிக் 1974இல் வாதிட்டார். அவர் ஒப்புமையாகச் சொன்னது இங்கே வரிப்பட்டியலிலேயே நேரடியாக இருந்தது. சுங்கத்தைத் தவிர்த்தது வணிகனுக்குப் பெரிய விடுதலை. உழவனின் சுமையை அது இறக்கவில்லை.

பிற்காலத் தமிழகத்தில் அரசின் கை நீள்வதை உறுதியாக எதிர்த்தவர் இராஜாஜி. கட்டுப்பாடுகளையும் மிகுந்த வரிகளையும் எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். ஆனால் அதற்கு முன் அவருடைய அமைச்சரவைதான் 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட வேறு வழி தெரியவில்லை. ஒரு வரியை நீக்குவோர் அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வியை அவரும் எதிர்கொண்டார்.

பழைய சுங்கத்தைப் போலவே சரக்கு வண்டிகளை நிறுத்திய வணிகவரிச் சோதனைச் சாவடிகள் 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது மூடப்பட்டன. சுங்கச்சாவடி என்ற சொல் மட்டும் பெரம்பலூர் வழியாகச் செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் நிலைத்திருக்கிறது. அங்குள்ள திருமாந்துறைச் சுங்கச்சாவடியில் வாங்குவது சரக்குக்கான வரியன்று, சாலையைப் பயன்படுத்துவோர் தரும் கட்டணம். பொதுவரியைவிட இத்தகைய கட்டணத்தையே சுதந்திரவாதிகள் பலர் ஏற்கிறார்கள்.